வழியில் எங்கே இறங்கலாம்?

கேள்வி: வியன்னாவில் கார் வாடகைக்கு எடுத்து புடாபெஸ்ட் போகிறோம். வழியில் பார்க்க ஒரே ஒரு ஊர் சொல்லுங்களேன்.

பதில்: ஸ்லோவாகியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. வியன்னாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அங்கிருந்து புடாபெஸ்ட் 200. கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கட்சி. பழைய நகரத்துக்குள் நடங்கள். சாக்கடைக் குழியிலிருந்து தலையை நீட்டி, விளிம்பில் கையை மடித்து வைத்தபடி இளிக்கும் வெண்கல ஆசாமி 'சூமில்' அங்கேதான் இருக்கிறார். தலையைத் தடவாமல் யாரும் நகர்வதில்லை, நான் உட்பட.

அப்புறம், ஆஸ்திரியாவுக்கான வின்யெட் (நெடுஞ்சாலையில் போகக் கட்டும் கட்டணச் சீட்டு) காரிலேயே இருக்கும், பெரும்பாலும். ஸ்லோவாகியா, ஹங்கேரி நெடுஞ்சாலைகளுக்குத் தனித்தனியாக ஆன்லைனில், வண்டி எண்ணைப் பதிந்து வாங்க வேண்டும். அது இல்லாமல் போய், கேமரா பிடித்தால் அபராதம்தான். எல்லை தாண்டலாமா என்று கார்க்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்லோவாகியாவில் யூரோ செல்லும், ஹங்கேரியில் ஃபோரிண்ட்.