லாரிப் பட்டையில் ஒரு போவி கத்தி

கேள்வி: தண்டையார்பேட்டையில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் என் மாமா, பழைய லாரிப் பட்டையிலிருந்து (பாரம் தாங்கும் வில்பட்டை) அந்தக் காலத்து அமெரிக்கப் பெரிய கத்தியான போவி கத்தி ஒன்றைக் கையாலேயே அடித்துத் தருவதாகச் சொல்கிறார். கூடத்துச் சுவரில் மாட்டி வைக்கத்தான் கேட்டேன். எந்த வடிவம் அசல்? எவ்வளவு நீளம் வைக்கலாம்? – வாசகர், காசிமேடு

பதில்: நுனிக்குச் சற்று முன்னே முதுகு உள்வாங்கிச் சரிய, பித்தளைக் கைக்காப்போடு மின்னும் கத்தியைத்தான் நீங்கள் மனத்தில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வடிவம் நிலைபெற்றது பிற்பாடுதான். 1827 செப்டம்பர் 19 அன்று, மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டில் வேறு இருவருக்கிடையே நடந்த ஒண்டிக்கு ஒண்டித் துப்பாக்கிச் சண்டை முடிந்ததும் மூண்ட கைகலப்பில், குண்டும் வாள்குத்தும் பட்டிருந்த அமெரிக்கர் ஜேம்ஸ் போவி தம் பெரிய கத்தியால் எதிரியைக் கொன்ற செய்தி பரவியதால்தான் அக்கத்தி பேர்பெற்றது. அதை வேட்டைக்காகத் தாமே செய்ததாகச் சொன்ன அவருடைய அண்ணன் ரெசின் போவி, 1838இல் எழுதிய கடிதத்தில் அளவையும் தந்திருக்கிறார்: அலகு 9¼ அங்குல நீளம், 1½ அங்குல அகலம், ஒரே பக்கம் கூர், வளைவு கிடையாது. உங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறவரின் கத்தி இதற்கு நெருங்கிய உறவு என்றே சொல்வேன். அந்தச் சரிந்த நுனியையும் அலங்காரப் பிடியையும் பரப்பியதில், அமெரிக்கச் சந்தைக்கென்றே கத்திகளை ஏற்றுமதி செய்த இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பட்டறைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே அசலுக்கு அருகில் வேண்டுமென்றால் நேர்முதுகையும், பார்ப்பவர் கண்டதும் பெயர் சொல்ல வேண்டுமென்றால் சரிந்த நுனியையும் கேளுங்கள். எனக்குப் பிடித்தது நேர்முதுகுதான்.

லாரிப் பட்டை நல்ல தேர்வு. ஆனால் பல ஆண்டுகள் பாரம் தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம் என்பதால், பயன்படுத்தாத துண்டு கிடைத்தால் அதுவே மேல். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சியபின் தண்ணீரில் அல்ல, எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் இவ்வகை எஃகு வெடித்துவிடக்கூடும். தோய்த்தபின் சுமார் 200 டிகிரி செல்சியஸில் மீண்டும் இளஞ்சூடு காட்டாவிட்டால், கீழே விழுந்தாலே உடையும். இதெல்லாம் மாமாவுக்குத் தெரியாததல்ல. உங்கள் அவசரத்துக்காக அவர் விட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நீளத்தில் மட்டும் ரெசினைப் பின்பற்ற வேண்டாம். வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென்று அமையாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ, நம் ஆயுத விதிகளின் அட்டவணை அதை ஆயுதமாகவே கணக்கில் கொள்கிறது. அண்ணன் போவியின் கத்தி அந்த வரம்பைக் கால் அங்குலம் தாண்டுகிறது. 8½ அங்குலத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்; முடிந்ததும் உறையிலிட்டுத் துணியில் சுற்றி, பையில் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டு போங்கள்.