ஃபன்ஜெட்டுக்கு 4எஸ் போடலாமா? முதலில் அந்த 'டர்ர்' சத்தத்தைக் கவனியுங்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் மல்டிப்ளெக்ஸ் ஃபன்ஜெட் ரிமோட் விமானம் இருக்கிறது. 2200 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று) அவுட்ரன்னர் மோட்டார், 40 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 6×4 ப்ரொப் (ப்ரொப்பெல்லர்), 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. ஒரு வருடமாக வறண்ட கண்மாயில் பறக்கவிடுகிறேன். நண்பருடையது 4எஸ்ஸில் பறக்கிறது, என்னுடையதைவிட ரொம்ப வேகம். நானும் 4எஸ் பேட்டரி வாங்கி மாட்டிவிடலாமா, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா? இன்னொன்று, முழு த்ராட்டிலில் கீழே இறக்கும்போது 'டர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது. மோட்டார் பேரிங் போய்விட்டதா?"

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் 4எஸ் போடலாமா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பேரிங் தேய்ந்த மோட்டார் தரையிலேயே கரகரக்கும். ப்ரொப்பைக் கழற்றிவிட்டு விரலால் சுற்றினால் சொரசொரப்பு கைக்குத் தெரியும். உங்களுக்குச் சத்தம் வருவதோ வேகமாகக் கீழே இறங்கும்போது மட்டும். அது பெரும்பாலும் எலிவான் ஃபிளட்டர். அதாவது, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை காற்றின் வேகத்தில் தானாகவே அதிர்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகம் வரை அந்த அதிர்வு உடனே அடங்கிவிடும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு துடிப்பும் காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் சக்தியை வாங்கிக்கொண்டு பெரிதாகும். அரை நொடிக்குள், எலிவானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் பல் உடையலாம், எலிவானே கீலோடு பிய்ந்து போகலாம்.

என் முதல் டெல்டா விமானம் இப்படித்தான் போனது. அந்தச் சத்தத்தை வேகத்தின் முழக்கம் என்று நினைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு டைவில் இடது எலிவான் பறந்துபோய், விமானம் உருண்டு மண்ணில் குத்தியது. அதனால் சொல்கிறேன்: அடுத்த முறை 'டர்ர்' கேட்டால் உடனே த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை மெதுவாகத் தூக்கி வேகத்தைக் குறையவிடுங்கள். ஸ்டிக்கை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். தரையிறக்கிச் சரிசெய்யும் வரை திரும்ப முழு த்ராட்டில் வேண்டாம்.

சரிசெய்வது எப்படி? ட்ரான்ஸ்மிட்டரையும் பேட்டரியையும் போட்டு சர்வோவை உயிரோடு வைத்துக்கொண்டு, எலிவானின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். சர்வோவிலிருந்து எலிவானுக்குப் போகும் கம்பி அசையாமல் எலிவான் மட்டும் ஆடினால், கம்பியை மாட்டியிருக்கும் எலிவான் கொம்பின் (ஹார்ன்) துளை பெரிதாகியிருக்கிறது. கம்பி நடுவில் வில்லாக வளைந்தால் அது மெல்லிய கம்பி. சர்வோ கையே ஆடினால் உள்ளே பற்சக்கரத்தில் இடைவெளி விழுந்திருக்கிறது. இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பைசா செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். கம்பியை சர்வோ கையில் மையத்துக்கு மிக அருகில் உள்ள துளைக்கும், எலிவான் ஹார்னில் மிக வெளியில் உள்ள துளைக்கும் மாற்றுங்கள். சர்வோவின் இடைவெளி எலிவானில் பல மடங்கு குறைந்து தெரியும், பிடிக்கும் பலமும் கூடும். எலிவான் முன்பைப்போல அதிகம் அசையாது. வேக விமானத்துக்கு அது குறையே இல்லை, சில மில்லிமீட்டர் அசைவே போதும். அப்புறம் கம்பியை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத எஃகாக மாற்றி, எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். பிளாஸ்டிக் பல் சர்வோ இருந்தால் உலோகப் பல் உள்ளதாக மாற்றுங்கள். என் கணக்கில், நீங்கள் 4எஸ் பேட்டரிக்கு வைத்திருக்கும் பணம் முதலில் போக வேண்டியது இந்த இரண்டு சர்வோவுக்குத்தான்.

நுரை எலிவான் தானே முறுக்கிக்கொள்வதும் உண்டு. உள்முனை சர்வோ சொல்வதைக் கேட்கும், வெளிமுனை காற்று சொல்வதைக் கேட்கும். அதன் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, தட்டையான கார்பன் பட்டையை நிமிர்த்திச் செருகி ஒட்டினால் வளைவு நிற்கும். மேலும் கீழும் கண்ணாடி இழை நாடாவை ஒட்டினால் முறுக்கும் குறையும். ஃபன்ஜெட் எலபோர் என்ற நுரையால் ஆனது. அதற்கு கெட்டியான சயனோ (சூப்பர் க்ளூ வகை) பசையும், அதை உடனே இறுக வைக்கும் ஆக்டிவேட்டரும்தான் பொருத்தம். எபாக்ஸி முதலில் நன்றாக ஒட்டியது போலத் தெரியும். பிறகு சுமை விழும்போது கெட்டியான பசை மட்டும் தனித் தகடாக உரிந்து வந்துவிடும். தெர்மாகோலில் செய்த விமானம் என்றால் கதை தலைகீழ், சாதாரண சயனோ தெர்மாகோலைத் தின்றுவிடும். இறக்கையின் குறுக்கே கார்பன் குழாய் பதிக்கும் எண்ணம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ரிசீவரின் ஆன்டெனாக்களை அதை ஒட்டிப் போடாதீர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை கார்பன் மறைக்கும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, குழாயை விட்டு விலக்கி வையுங்கள்.

சரி, இப்போது 4எஸ்ஸுக்கு வருவோம். 6×4 ப்ரொப்பை அப்படியே வைத்துக்கொண்டு 4எஸ் மட்டும் மாட்டினால், முதல் பறப்பிலேயே ஈஎஸ்சியோ மோட்டாரோ கருகும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வாட் மீட்டர் 3எஸ்ஸில் 10.8 வோல்ட், 30 ஆம்ப் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 324 வாட். செல் மூன்றிலிருந்து நான்கானால் சுழற்சி 1.33 மடங்கு ஆகப் பார்க்கும். ப்ரொப் இழுக்கும் மின்னோட்டம் சுழற்சியின் இருமடியாக ஏறும், அதாவது 1.78 மடங்கு. 30 ஆம்ப் 53 ஆகும். சக்தி மும்மடியாக ஏறும், 2.37 மடங்கு. 324 வாட் 768 வாட் ஆகும். சுமையில் பேட்டரியின் வோல்டேஜ் சாய்வதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனாலும் 40 ஆம்ப் ஈஎஸ்சியும் 60, 70 கிராம் மோட்டாரும் இதைத் தாங்காது.

இவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் கிடைக்கும் வேகம் அதிகபட்சம் 1.33 மடங்குதான். காற்றின் இழுவையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுவதே காரணம். சக்தியை இரட்டிப்பாக்கினால்கூட வேகம் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடும். வாட்டைத் துரத்துவதைவிட பிட்ச்சைப் பார்ப்பது லாபம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ப்ரொப் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறப் பார்க்கிறது என்பதுதான் பிட்ச். 6×4 என்றால் விட்டம் 6 அங்குலம், பிட்ச் 4 அங்குலம். பிட்ச்சை நிமிடச் சுழற்சியால் பெருக்கி, அதை 0.00152ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 2200 கேவி, 10.8 வோல்ட், சுமையில் எண்பது சதவீதம் என்று வைத்தால் சுழற்சி சுமார் 19,000. 6×4க்கு அது சுமார் 116 கிலோமீட்டர். உங்கள் விமானம் நேர்மட்டப் பறப்பில் இதைவிடப் பெரிதாக வேகம் காட்ட வழியில்லை, எத்தனை வாட் இருந்தாலும் சரி. அதே 3எஸ்ஸில் 5×5 ப்ரொப் போட்டுப் பாருங்கள். அதே 19,000 சுழற்சியில் கணக்கு 145 கிலோமீட்டருக்குப் போகிறது. ப்ரொப்பின் சுமை விட்டத்தின் நான்மடியைச் சார்ந்தது என்பதால், பிட்ச் கூடினாலும் விட்டம் ஓர் அங்குலம் குறைந்ததில் மின்னோட்டம் குறையவே செய்யும். உங்களுக்கு நான் சொல்லும் முதல் மேம்பாடு இதுதான். ஒரு பேட்டரியின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

இதற்கு விலை வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன ப்ரொப்பும் பெரிய பிட்ச்சும் வேகத்தில்தான் நன்றாகக் கடிக்கும். கையிலிருந்து கிளம்பும் நொடியில் தள்ளும் விசை குறைவு. முன்பு லேசாக வீசினாலே ஏறிய விமானம் இப்போது முதல் சில மீட்டர் தாழ்ந்து, பிறகுதான் பிடித்துக்கொள்ளும். எதிர்காற்றில், பத்துப் பதினைந்து டிகிரி மேல்நோக்கி, உறுதியாக வீச வேண்டும். இரண்டு எலிவானும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கியிருக்கட்டும். ப்ரொப் பின்னால் இருக்கும் விமானம் இது, வீசும்போது உங்கள் விரல்கள் அதன் பாதையில்தான் இருக்கின்றன. விமானம் கையை விட்டு நீங்கிய பிறகே த்ராட்டிலைக் கூட்டுங்கள். த்ராட்டில் கட் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் அமைத்து, பேட்டரி செருகும் முன்பே அதைப் போட்டுவையுங்கள். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃபும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீசத் துணைக்கு ஆள் இல்லையென்றால், விமானத்தை இழுத்து ஏவும் பஞ்ஜி (ரப்பர்) கயிறு நல்ல முதலீடு.

3எஸ், 5×5ல் ஒரு மாதம் ஓட்டி, 'டர்ர்' சத்தம் முழுக்க நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு 4எஸ் போடலாம். அப்போது ப்ரொப்பை இன்னும் சிறிதாக்குங்கள். 4.75×4.75 என்றால், சுமையில் 14.4 வோல்ட்டில் 25,000 சுழற்சியை ஒட்டி வரும், பிட்ச் கணக்கு 180 கிலோமீட்டரைத் தொடும். வாட் மீட்டரில் 35 ஆம்ப்பைத் தாண்டினால் அந்த ப்ரொப் வேண்டாம். மெலிந்த எலெக்ட்ரிக் ப்ரொப்களுக்கு 145,000ஐ அங்குல விட்டத்தால் வகுத்து, வரும் சுழற்சியைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது என் வழக்கம். 4.75க்கு அது 30,500, இடம் இருக்கிறது. ஸ்லோ ஃப்ளையர் என்று எழுதிய ப்ரொப்பை இந்த விமானத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள், இந்தச் சுழற்சியில் அது சிதறும்.

பேட்டரியில் 2200க்குப் பதில் 4எஸ் 1500 வாங்குங்கள். எடை கிட்டத்தட்ட அதேதான் என்பதால் சிஜி (விமானத்தின் எடை மையம்) பெரிதாக நகராது. ஆனாலும் கையேட்டில் குறித்த இடத்தில் விரலில் நிறுத்திப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. வால் இல்லாத விமானத்தில் சிஜி அரை விரல் பின்னால் போனாலே கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். சந்தேகமாக இருந்தால் சற்று முன்னாலேயே வையுங்கள்.

பலரும் மறப்பது பிஈசியை. ஈஎஸ்சிக்குள் இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் பகுதி அது. லீனியர் வகை என்றால் மிச்ச வோல்டேஜை வெப்பமாகவே கழிக்கும். நிறைந்த 3எஸ்ஸில் ஓர் ஆம்ப் இழுத்தால் 7.6 வாட் சூடு, 4எஸ்ஸில் 11.8 வாட். அது சூட்டில் அணைந்தால் ரிசீவரும் அணையும், விமானம் உங்கள் கையில் இல்லை. புதிய உலோகப் பல் சர்வோக்கள் இன்னும் அதிகம் இழுக்கும். ஆகவே ஈஎஸ்சியின் கையேட்டைப் பாருங்கள், லீனியர் என்றிருந்தால் தனியாக ஒரு ஸ்விட்சிங் பிஈசி போடுங்கள். ஈஎஸ்சி இருக்கும் அறைக்குக் காற்று உள்ளே போக ஒரு துளையும், வெளியேற அதைவிடப் பெரிய துளையும் வேண்டும். ஈஎஸ்சியில் பிரேக்கை ஆன் செய்யுங்கள், இறங்கும்போது ப்ரொப் நின்றிருந்தால் உடையும் வாய்ப்பு குறைவு.

பறக்கவிடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டரில் விமானம் நொடிக்கு 42 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண்ணை எடுத்தால் 125 மீட்டர் தள்ளி நிற்கும். 80 சென்டிமீட்டர் இறக்கை அந்தத் தூரத்தில் ஒரு கோடுதான், மேலா கீழா என்றே தெரியாது. இறக்கையின் அடிப்பக்கத்தில் அகலமான அடர்நிறப் பட்டைகளும் மேலே பளிச்சென்ற ஆரஞ்சும் அடியுங்கள். எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் ட்ரான்ஸ்மிட்டர் அமைப்பு) 30 சதவீதம் வைத்துத் தொடங்குங்கள். 700 கிராம் விமானம் அந்த வேகத்தில் சுமக்கும் ஆற்றல், 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தைப் போல ஐந்து மடங்கு. கண்மாயில் ஆடு மேய்ப்பவர்கள் வந்தால் அவர்கள் போகும் வரை காத்திருங்கள், தலைக்கு மேல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் உயர வரம்பு 120 மீட்டர்தான்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. விமானத்தையும் லிப்போவையும் பூட்டிய காரில் வைக்காதீர்கள், நுரை கோணும், பேட்டரி உப்பும். இறங்கியதும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தப் பேட்டரிக்கு அந்த ப்ரொப் பெரிது. டைமரை முதலில் மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கிய பிறகு செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்கு மேல் மிச்சமிருந்தால் பதினைந்து நொடி கூட்டிக்கொள்ளலாம். அன்று மறுபடி ஓட்டப் போவதில்லை என்றால், வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் ஸ்டோரேஜ் போட்டு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவிடுங்கள்.