கண்ணப்பர் எந்தச் சைவம்?

கேள்வி: நாங்கள் பரம்பரையாகச் சுத்த சைவம். மாடி போர்ஷனுக்கு ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டினேன். அது தப்பு என்று மகன் சண்டைக்கு வருகிறான். கறி தின்பவருக்கு ஆன்மிகம் கைகூடுமா? நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: கைகூடிய ஒருவர் நம் ஜில்லாக்காரர். 1911-ல் சித்தூர் ஜில்லாவைப் பிரிக்கும்வரை காளத்தி நம் பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில்தான் இருந்தது. அந்த மலையில் திண்ணன் என்ற வேடன் பன்றிக்கறியை நெருப்பில் வாட்டி, கடித்துப் பதம் பார்த்து, ருசியானதை மட்டும் இலையில் வைத்துச் சிவனுக்குக் கொடுத்தான். வாயில் கொண்டுவந்த ஆற்றுத்தண்ணீர்தான் அபிஷேகம். பூசை செய்ய வந்த சிவகோசரியார் எலும்பும் கறியும் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போய்க் கழுவினார். ஆறாம் நாள், ‘நில்லு கண்ணப்ப’ என்று சிவன் கையைப் பிடித்தது அந்த வேடனைத்தான். சைவத்தின் அறுபத்துமூவரில் ஒருவரை ‘அசைவம்’ ஆக்குகிற சொல்லை ஓட்டல் வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். மரக்கறி என்று நல்ல சொல் இருக்கும்போது சமயத்தின் பெயரை ஏன் சாப்பாட்டுக்கு வைத்தோம்? இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. இன்னும் கேட்பேன்.

நானும் கறி தின்பதில்லை. பத்து வயதில், என் கையிலிருந்து தழை தின்ற கிடாவை ஆடி மாதம் கோயிலுக்கு ஓட்டிப்போனார்கள். மஞ்சத்தண்ணி ஊற்றியதும் உடம்பைச் சிலிர்த்தது. ‘அம்மன் உத்தரவு கொடுத்துட்டா’ என்றார்கள். காதில் தண்ணீர் போனால் அது எப்போதும் அப்படித்தான் சிலிர்க்கும். தினமும் குளிப்பாட்டிய எனக்குத் தெரியும். அன்றோடு விட்டேன்.

புலால் என்பது இன்னொரு உயிரின் புண் என்கிறார் வள்ளுவர். அவர் பேச்சு அந்த வலியைப் பற்றியது. வீட்டுத் தரையின் சுத்தத்தைப் பற்றியது அல்ல. தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை என்பதும் அவர் சொன்னதுதான். அந்தக் கணக்கில் நீங்களும் நானும்கூடத் தப்ப முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை ஊர் மாட்டுச் சந்தைக்கு வாருங்கள். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்களே, அங்கே கைமாறுகிற வறட்டு மாடும் காளைக்கன்றும் எங்கே போகின்றன? நம் காபிக்குப் பால் கறந்த மாடு அது. அதன் தோல்தான் நம் காலில் செருப்பு. அந்தத் தோலைப் பதம் செய்த தோல்ஷாப்புகளின் கழிவு விழுந்துதான் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

மாட்டுத்தோல் செருப்பு வாசலில் கிடக்கலாம், மாட்டுக்கறி தின்பவர் மாடியில் குடியிருக்கக் கூடாது என்றால், அங்கே உயிர்மேல் இரக்கம் எங்கே இருக்கிறது? சாதிதான் இருக்கிறது. 2022-ல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றபோதும் இதையேதான் எழுதினேன். அதற்காக என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு.

உங்கள் மகன் சொல்வது சரி ஐயா. போர்டைக் கழற்றிவிடுங்கள்.