கோவாலாவும் குட்டி ஈயும்

கேள்வி: மரத்துலயே வாழுற கோவாலாவுக்கும் அழுகின பழத்து மேல சுத்துற குட்டி ஈக்கும் ஏதாவது ஒத்துமை இருக்கா சார்? ஃப்ரெண்டு கூட பந்தயம்!

பதில்: இருக்கே, ரெண்டும் விஷத்தைத் தின்னே வாழுற ஆளுங்க! ஆஸ்திரேலியாவுல கோவாலா திங்கறது யூகலிப்டஸ் இலை, மத்த மிருகம் தின்னா திண்டாட்டம்தான், ஆனா இதோட கல்லீரல் என்சைம்கள் அந்த விஷத்தை உடைச்சிடும், அப்புறம் இலையோட நார்ச்சத்தை ஜீரணிக்க சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு தனியா ஒரு குடல்பை வேற. பழ ஈயும் அப்படித்தான், அழுகுற பழத்துல ஊறுற ஆல்கஹாலை உடைக்க அதுக்கும் ஒரு என்சைம் உண்டு.

தூக்கம்? கோவாலா ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேலயும் தூங்கும் (இலை போதைன்னு சொல்றதெல்லாம் சும்மா, அதுல சத்து கம்மி, அவ்ளோதான்). ஈயும் தூங்கும்ங்க, அதோட உடம்புக் கடிகாரத்தை ஆராய்ஞ்சுதான் 3 பேர் 2017ல நோபல் வாங்குனாங்க.

வித்தியாசம்னா வேகம். கோவாலா குட்டி பிறக்கும்போது 2 செ.மீ.தான், அப்புறம் 6 மாசம் அம்மா வயித்துல இருக்குற தோல் பைக்குள்ளயே கிடக்கும். ஈயோ கதகதப்பு இருந்தா முட்டையிலேர்ந்து 10 நாள்ல பெருசாகி பறந்துடும்.

பந்தயக் காசுல எங்களுக்கும் பங்கு உண்டுல்ல?