கீசருக்கு முன்னால் சாஃப்ட்னர் வைக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

தஞ்சாவூரிலிருந்து பெங்களூரின் சர்ஜாபூர் சாலைக்குக் குடிவந்த சில மாதங்களிலேயே கீசர் சடசடக்கத் தொடங்கிவிட்டதாகவும், இலண்டனில் இருக்கும் உங்கள் அத்தான் பாய்லருக்குள், கடின நீரை மென்மையாக்கும் கருவியான சாஃப்ட்னரின் தண்ணீர் போகக் கூடாது என்று எச்சரித்ததால் சாஃப்ட்னர் வாங்கத் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அத்தான் சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. உங்கள் கீசருக்கு அது பொருந்தாது.

அங்கே அறைகளைச் சூடாக்கும் பாய்லரில், ஒருமுறை நிரப்பிய அதே தண்ணீர்தான் மூடிய குழாய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அதிலுள்ள சிறிதளவு சுண்ணாம்பு படிந்து முடிந்த பிறகு புதிதாகப் படிய ஒன்றுமில்லை. மாறாக, சாஃப்ட்னர் தண்ணீரைச் சூடாக்கும்போது அதன் காரத்தன்மை கூடி, அலுமினிய உறுப்புகளை அரிக்கக்கூடும். அதனால்தான் அந்தச் சுற்றுக்குச் சாதாரணக் குழாய்நீரை, அரிப்புத் தடுப்பு மருந்து கலந்து நிரப்பச் சொல்கிறார்கள்.

நம் கீசரிலோ நாள்தோறும் புதுத் தண்ணீர் நுழைகிறது. மண்டியா மாவட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து வரும் காவிரி நீர் மென்மையானது. ஆனால் உங்கள் பகுதியில் பல குடியிருப்புகள் இன்னும் கடின நீர் தரும் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கின்றன. குடிநீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உங்கள் தண்ணீர் 400 என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 100 லிட்டர் சூடாக்கும் வீட்டில் ஆண்டுக்குப் பதினான்கு கிலோவுக்கு மேல் கடின உப்புகள் கீசர் வழியாகக் கடந்து போகின்றன. அத்தனையும் படிவதில்லை என்றாலும், படிகிற பங்கு, சூடாக்கும் கம்பியான எலிமெண்டின் மேல் ஓடாக இறுகி, அதன் சூடு தண்ணீருக்குள் இறங்க விடாமல் தடுத்து, கடைசியில் எலிமெண்டையே எரித்துவிடும். நீங்கள் கேட்கும் சடசடப்பு, அந்த ஓட்டுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதிக்கும் சத்தம்தான்.

ஆகவே சாஃப்ட்னர் வையுங்கள். ஆனால் கடினத்தன்மையை அடியோடு எடுத்துவிடாதீர்கள். விற்பவர்கள் பூச்சியம் வரும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது கீசருக்கு நல்லதன்று. பைபாஸ் வால்வைச் சற்றே திறந்து, சாஃப்ட்னர் வழியே போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலக்கவிட்டு, கடினத்தன்மையை 75 முதல் 100 மில்லிகிராமில் நிறுத்தச் சொல்லுங்கள். கீசர் தொட்டியைத் துருவிலிருந்து காப்பது உள்ளே தொங்கும் மெக்னீசியம் ஆனோட் தண்டு. தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைவதுதான் அதன் வேலை. சாஃப்ட்னர் வழியே வந்த நீரில் அது இன்னும் விரைவாகக் கரையும். விரல் பருமனில் இருந்த தண்டு தேய்ந்து, நடுவிலிருக்கும் இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்தால்தான் இதன் தீவிரம் புரியும். ஆண்டுக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சூடு ஏற ஏறப் படிவும் கூடும் என்பதால் தெர்மோஸ்டாட்டை 60 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் குடியிருப்புச் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல அபார்ட்மெண்ட்களில் பொதுச் சாஃப்ட்னர் ஏற்கெனவே இருக்கும்; அதற்கு உப்புப் போடும் வேலைதான் விட்டுப்போயிருக்கும். சாஃப்ட்னருக்குள் சுண்ணாம்பைப் பிடிக்கும் ரெசின் மணிகளைக் கழுவி வெளியேறும் உப்புநீரைச் செடிகளுக்கு விடாதீர்கள்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு ஏறத்தாழ 46 மில்லிகிராம் சோடியம் லிட்டருக்குச் சேரும். ஆகவே சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள், அது சோடியத்தைப் பெருமளவு நீக்கிவிடும்.