உதவிப் பணம் பட்ஜெட்டில் எங்கே இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாட்டு உதவி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பட்ஜெட்டை வெளிப்படையாக வைக்காத அரசுகளுக்கு ஒரு காசுகூடத் தரமாட்டோம் என்று உதவும் நாடுகள் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? ஆவணங்களை இணையத்தில் ஏற்ற என்ன பெரிய செலவு? இன்னொரு கேள்வி: கணக்கியல் படிக்காத என்னைப் போன்றவர், ஒரு நாட்டுக்கு வந்த உதவிப் பணம் அதன் பட்ஜெட்டுக்குள் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

நிபந்தனை தேவைதான். ஆனால் எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள் என்று சொல்லாத நிபந்தனையால் பயனில்லை. நாடுகளின் பட்ஜெட் வெளிப்படைத்தன்மையை மதிப்பிடும் ‘ஓப்பன் பட்ஜெட் சர்வே’ எட்டு ஆவணங்களைத் தேடுகிறது. பட்ஜெட்டுக்கு முந்தைய கொள்கை அறிக்கை, அரசு முன்வைக்கும் பட்ஜெட், அவையில் நிறைவேறிய பட்ஜெட், மக்களுக்கான எளிய வடிவம் ஆகியவை ஒரு பக்கம். ஆண்டின் நடுவே வரும் மாத அல்லது காலாண்டுக் கணக்குகள், அரையாண்டு ஆய்வு, ஆண்டிறுதி அறிக்கை, தணிக்கை அறிக்கை ஆகியவை மறுபக்கம். ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் ஆண்டிறுதி அறிக்கையும் 18 மாதத்துக்குள் தணிக்கை அறிக்கையும் வெளிவராவிட்டால், அவை வெளிவரவே இல்லை என்றுதான் அந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும். முதல் பக்கத்து ஆவணங்கள் சொல்வது என்ன செய்யப்போகிறோம் என்பதை. பணம் என்ன ஆனது என்பது மறுபக்கத்தில்தான் தெரியும். நிபந்தனை போடுவதென்றால் அந்த மறுபக்கத்துக்குப் போட வேண்டும்.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் நடந்ததைப் பாருங்கள். 2013, 2014 ஆண்டுகளில் மீன்பிடிப் படகு, கடலோரக் காவல், கப்பல் பராமரிப்பு என்ற பெயர்களில் மூன்று அரசு சார்ந்த நிறுவனங்கள் ஏறத்தாழ 200 கோடி டாலர் கடன் வாங்கின. அரசு அவற்றுக்கு உத்தரவாதம் அளித்தது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லை. அந்தக் காலம் முழுக்க நன்கொடை நாடுகள் அந்த அரசின் பட்ஜெட்டுக்கு நேரடியாகப் பணம் தந்துகொண்டிருந்தன. உத்தரவாதம் செலவினம் அல்ல என்பதால், கடன் வாங்கிய நிறுவனம் திருப்பிக் கட்டத் தவறும்வரை எந்தச் செலவுத் தலைப்பிலும் அது வராது. அரசின் உத்தரவாதங்களைப் பட்டியலிடும் பின்னிணைப்பு பட்ஜெட்டில் இருக்கிறதா என்று பார்த்திருந்தால்தான் சந்தேகமே வந்திருக்கும். 2016-ல் விஷயம் வெளியே வந்ததும் சர்வதேச நாணய நிதியமும் நன்கொடை நாடுகளும் பணத்தை நிறுத்தின. அடி விழுந்தது கடனில் கையெழுத்துப் போட்டவர்கள் மேல் அல்ல, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய ஒதுக்கீட்டின் மேல். உங்கள் ‘ஒரு காசுகூடத் தரமாட்டோம்’ என்ற யோசனையில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் இதுதான்.

இன்னொரு ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2013-ல் அம்பலமானது வேறு வகை. வந்து சேராத பொருளுக்கு அரசின் கணினிக் கணக்கு முறை வழியாகவே பணம் கொடுத்துவிட்டு, அதிலிருந்த பதிவை அழித்துவிட்டார்கள். இதை எந்தப் பட்ஜெட் புத்தகத்தாலும் பிடிக்க முடியாது. கணக்குப் பேரேட்டையும் வங்கி அறிக்கையையும் மாதாமாதம் ஒத்துப்பார்த்தால் பிடிபடும். அந்த வேலை நடக்கிறதா என்பது தணிக்கை அறிக்கையில் இருக்கும்.

இனி நன்கொடையாளர் பக்கம். இதைப் பேசாமல் ஏழை நாடுகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. உதவி தரும் நாடுகளும் பெறும் நாடுகளும் ஏற்றுக்கொண்ட 2005 பாரிஸ் பிரகடனத்தில், அரசுத் துறைக்குத் தரும் உதவியில் குறைந்தது 85 சதவீதம் பெறும் நாட்டின் பட்ஜெட்டில் இடம்பெற வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2010-க்குள் முடிய வேண்டியது, முடியவில்லை. காரணங்கள் சாதாரணமானவை. நிதி அமைச்சகம் மதிப்பீடு தயாரிக்கும் மாதத்தில் நன்கொடையாளரின் தொகை வந்து சேர்வதில்லை. ஒப்பந்தக்காரருக்கோ ஆலோசகருக்கோ வெளிநாட்டு வங்கியிலிருந்தே பணம் போய்விடுகிறது. கருவூலம் அதைப் பார்ப்பதே இல்லை. திட்டத்துக்கெனத் தனி அலுவலகம், தனி வங்கிக் கணக்கு. இப்படிக் கட்டிய மருத்துவமனைக்கு அடுத்த ஆண்டு செவிலியர் சம்பளம் யார் தருவது என்ற கேள்வி பட்ஜெட்டில் எழுவதே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி. மொத்தத் தொகையோடு தொடங்காதீர்கள். ஒரே ஒரு திட்டத்தை எடுங்கள். 2008-ல் தொடங்கிய ‘ஐஏடிஐ’ (சர்வதேச உதவி வெளிப்படைத்தன்மை முன்முயற்சி) என்ற அமைப்பின் பொதுத் தரவுத்தளத்தில் நன்கொடையாளர்கள் திட்டவாரியாகப் பதிகிறார்கள். அதில் ஒப்புக்கொண்ட தொகை வேறு, விடுவித்த தொகை வேறு. ஐந்தாண்டுக்கு ஒப்புக்கொண்டதை ஓராண்டு வரவாக எண்ணிக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. விடுவித்த தொகையைத் தேதியோடு குறித்து, பெறும் நாட்டின் நிதியாண்டுக்கு ஏற்பப் பிரியுங்கள். நன்கொடையாளரின் ஆண்டு ஜனவரியில் தொடங்கி, பெறும் நாட்டினுடையது ஜூலையில் தொடங்கினால் அரையாண்டுத் தொகை இடம் மாறிவிடும். உள்நாட்டு நாணயமாக மாற்றும்போது அந்தந்தத் தேதியின் மாற்று விகிதத்தையே பயன்படுத்துங்கள்.

பிறகு பட்ஜெட்டில் அந்தத் திட்டத்துக்குரிய அமைச்சகத்தின் மூலதனச் செலவுக்கு (கட்டடம், கருவி போன்ற நீடித்த சொத்துகளுக்கான செலவு) போங்கள். பல நாடுகளில் திட்டத்தின் பெயருக்கு எதிரே உள்நாட்டு நிதி, வெளிநாட்டு நிதி என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியது ஆண்டிறுதி அறிக்கையில்தான் கிடைக்கும். மதிப்பீட்டில் இருந்து உண்மைச் செலவில் பூஜ்யமானால், பணம் தாமதமாகியிருக்கலாம், அல்லது அரசு போட வேண்டிய தன் பங்கைப் போடாததால் வேலை நின்றிருக்கலாம். உள்நாட்டு நிதிப் பத்தியைப் பார்த்தால் எது என்று ஓரளவு புரியும். நன்கொடையாளர் விடுவித்ததாகச் சொல்லியும் பட்ஜெட்டில் திட்டத்தின் பெயரே இல்லையென்றால், உடனே திருட்டு என்று முடிவுகட்டாதீர்கள். பொருளாகவோ ஆலோசகர் சம்பளமாகவோ வெளியிலேயே செலவாகியிருக்கலாம். அப்போது நிதி அமைச்சகத்தையும் நன்கொடையாளரையும் ஒரே கேள்வியை, எழுத்தில், தனித்தனியாகக் கேளுங்கள்: இந்தத் தேதியில் விடுவித்த இந்தத் தொகை யாருடைய வங்கிக் கணக்குக்குப் போனது?