கைதட்டல் உண்டு, தங்க அறை இல்லை

கேள்வி: கறுப்பர்களின் ஜாஸ் இசையை அமெரிக்க வெள்ளையர்கள் அவ்வளவு விரும்பினார்களே, அந்த விருப்பம் நிறவெறியைத் தளர்த்தவில்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தளர்த்தவில்லை என்பதே வேதனை. நியூயார்க்கில் கறுப்பர்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் காட்டன் கிளப் என்ற இரவுநேரக் கேளிக்கை அரங்கில், 1927 முதல் கறுப்பின ஜாஸ் கலைஞர் ட்யூக் எலிங்டனின் குழு வாசித்தது; மேடையில் கறுப்பர்கள் இருந்தார்கள், பார்வையாளர் இருக்கைகளோ வெள்ளையர்களுக்கு உரியவை. வானொலி வழியே நாடெங்கும் புகழ்பெற்ற அதே குழு, தென் மாநிலங்களில் தங்குவதற்கு விடுதி அறை கிடைக்காது என்பதால், 1930களில் தனி ரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, அவற்றிலேயே உண்டு, உறங்கிப் பயணம் செய்தது. காதுக்கு இன்பம் தந்தவரைத் தமக்குச் சமமாக உட்கார விடாத அந்த ரசனையை அன்பென்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. விடுதிகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுச் சட்டம், வீதியில் இறங்கிப் போராடியவர்களால் வந்தது.